காட்டுத்தீ நெருங்கும்போது அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வட்டாரத்தையே காலி செய்யச் சொல்லும் அளவுக்குக் காட்டுத்தீ பரவினால் போன் ஓயாமல் அடிக்கும். உறவுக்காரர், பழைய நண்பர், கூட வேலை பார்த்தவர் என்று எல்லோரும் "பத்திரமா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். உண்மையில் யாரை விசாரிக்க வேண்டுமோ அவருடைய போன் மட்டும் பெரும்பாலும் அடிக்காது. அவர் எண் தெருவில் யாரிடமும் இருக்காது. அவரை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கேட்பது, எந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொள்வது என்பவைதான் கீழே உள்ள கேள்விகள்.

வெளியேற்ற உத்தரவு இன்னும் வரவில்லை. இப்போதே போய்க் கேட்டால் பயமுறுத்துவது போல ஆகாதா?

ஆகட்டும். கொஞ்சம் பயந்தால் பரவாயில்லை.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் 'கேம்ப் ஃபயர்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ காலை ஆறரை மணி வாக்கில் தொடங்கியது. பாரடைஸ் என்ற ஊரை எட்ட அதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து, காபி போட்டு, வானம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசிக்கும் நேரம்தான் அது. 85 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

காட்டுத்தீ தரையோடு ஊர்ந்து வரும், நாம் பார்த்துக்கொண்டே இருந்து கிளம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று பலமாக இருந்தால் எரியும் கங்குகள் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் பறந்து போய் விழும். அங்கே புதிதாக ஒரு தீ பிடிக்கும். மேட்டில் ஏறும் தீயோ இன்னும் வேகம். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வீரர்களின் பழைய கணக்கு. அதனால் உத்தரவு வந்த பிறகு விசாரிக்கலாம் என்று இருந்தால், விசாரிக்க வேண்டிய நேரத்தில் நீங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

எச்சரிக்கை, உத்தரவு என்று வேறு வேறு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

நாட்டுக்கு நாடு பெயர் மாறும். கலிபோர்னியாவில் முதலில் 'வெளியேற்ற எச்சரிக்கை', அடுத்தது 'வெளியேற்ற உத்தரவு'. ஆரிகன் மாநிலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலைகளாகச் சொல்வார்கள். மூன்று என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் 'அறிவுரை', 'கவனித்துச் செயல்படு', 'அவசர எச்சரிக்கை' என்று மூன்று படிகள். பெயர் எதுவானாலும் முதல் படி 'தயாராகு', கடைசிப் படி 'போ'.

அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறவருக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முதல் படி என்பது எல்லோருக்கும் ஒரே அர்த்தம் கொண்டதல்ல. காரும் நல்ல கால்களும் இருப்பவருக்கு அது தயாராகும் நேரம். சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தைக்காரர், ஆடு மாடு குதிரை வைத்திருப்பவர் ஆகியோருக்கு அதுவே கிளம்பும் நேரம். "எச்சரிக்கைதானே வந்திருக்கு" என்று ஒரு முதியவர் சொன்னால், "உங்களுக்கு இதுதான் உத்தரவு" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

யாரை முதலில் பார்க்க வேண்டும்?

நமக்குப் பிரியமானவர்களைத்தான் மனம் முதலில் தேடும். அவர்களுக்கு வேறு பத்துப் பேர் போன் செய்வார்கள். தெருவில் மெதுவாகக் கிளம்பக்கூடியவர் யார், செய்தியே எட்டாதவர் யார் என்று யோசியுங்கள்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் முதலில் நினைவுக்கு வருவார்கள், சரி. நினைவுக்கு வராதவர்களும் உண்டு. இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் போனை அணைத்துத் தூங்குகிறவர். பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருப்பவர். அவர் இருப்பதே வீட்டு உரிமையாளரைத் தவிர யாருக்கும் தெரியாது. தூங்கும்போது காது மிஷினைக் கழற்றி வைப்பவர். மகன் மகளைப் பார்க்க வேறு நாட்டிலிருந்து வந்து, அவர்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா. போனில் அலறும் எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதுகூட அவர்களுக்குப் புரியாமல் போகலாம். பெற்றோர் வெளியே போயிருக்க வீட்டில் இருக்கும் பிள்ளைகள்.

ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி மின்சாரத்தில் ஓடுவது. தீ வருவதற்கு முன்பே மின்சாரம் போய்விடும். கலிபோர்னியாவில் பலத்த காற்று வீசும் நாட்களில் கம்பிகளிலிருந்து பொறி கிளம்பக்கூடாது என்று மின் நிறுவனங்களே முன்கூட்டி இணைப்பைத் துண்டிக்கின்றன. ஆக, அவருக்கு ஆபத்து புகை வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இன்னொன்று, கார் நிறுத்தும் அறையின் மின்கதவு. சின்ன விஷயம் போலத் தெரியும். 2017 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவில் தீ பரவியபோது மின்சாரம் இல்லாமல் இந்தக் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் 2019 ஜூலை முதல் அங்கே புதிதாகப் பொருத்தும் கதவுகளுக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பழைய கதவுகளில் மேலே ஒரு கயிறு தொங்கும், பெரும்பாலும் சிவப்புக் கைப்பிடியோடு. அதை இழுத்தால் மோட்டார் கழன்றுகொள்ளும், பிறகு கதவைக் கையால் தூக்கலாம். தூக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரரிடம் "கார் இருக்கிறதா?" என்று கேட்டால் மட்டும் போதாது. கார் வெளியே நிற்கிறதா என்று கேளுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். நம் ஆட்களுக்கு அது ஒரு மரியாதை. தோட்டத்தில் கங்கு விழுந்துகொண்டிருந்தாலும் அதையே சொல்வார்கள்.

பதிலைக் கொண்டு நாம் ஏதாவது செய்ய முடிகிற மாதிரிக் கேளுங்கள். "எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? எந்தப் பக்கமாப் போறீங்க? யார் ஓட்டுறாங்க? போய் எங்க தங்குவீங்க?" இந்த நான்கில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் தடுமாறினால் அங்கேதான் உதவி தேவை. எங்கே தங்குவது என்று தெரியாததால் பலர் கிளம்பாமலே இருக்கிறார்கள். வெட்கத்தில் அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

மருந்தையும் கேளுங்கள். மாத்திரைப் பெட்டி, மூக்குக்கண்ணாடி, குளிரில் வைத்த இன்சுலின் ஆகியவை அவசரத்தில் மறந்துபோகிறவை.

போன் செய்வதா, மெசேஜ் அனுப்புவதா?

குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் நெட்வொர்க் திணறும். குறுஞ்செய்திக்கு மிகக் குறைந்த இடமே போதும், உடனே போகாவிட்டாலும் வழி கிடைத்ததும் போய்ச் சேரும். வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். டவரே செயலிழந்துவிட்டால் எதுவும் போகாது. அந்த நிலைமையும் வரும், 2023இல் ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது வந்தது.

கேட்கிற ஒரே செய்தியில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். மறுமுனையில் இருப்பவரிடம் பத்து சதவீதம் சார்ஜ்தான் இருக்கலாம். "நாங்க 4.10க்குக் கிளம்பிட்டோம், தெற்கு ரோடு வழியா. நீங்க கிளம்பிட்டா 'போயாச்சு'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. வண்டி வேணும்னா 'வண்டி'ன்னு போடுங்க." நிதானமாக இருக்கும்போது இது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். புகையில், நடுங்கும் விரலோடு தட்டச்சு செய்கிறவருக்கு ஒரு வார்த்தை என்பது பெரிய உதவி.

அதோடு, தீப் பகுதிக்கு வெளியே, தூரத்து ஊரில் இருக்கும் ஒருவரை எல்லோருக்கும் பொதுவான ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவருக்கொருவர் பேச முடியாதபோதும் வெளியூருக்குச் செய்தி போய்விடுவது உண்டு.

அரசாங்கத்திலிருந்து எல்லோருக்கும் எச்சரிக்கை வந்திருக்கும்தானே? நான் வேறு எதற்கு?

வந்திருக்கலாம். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரம் எரிந்தபோது அங்கே அபாயச் சங்குகள் இருந்தன, ஆனால் ஒலிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஈட்டன் தீ பரவியபோது ஆல்டடீனா என்ற ஊரின் மேற்குப் பகுதிக்கு உத்தரவு பல மணி நேரம் கழித்தே போனது. அதே வாரத்தில் நேரெதிரான கூத்தும் நடந்தது. சிறு பகுதிக்குப் போக வேண்டிய எச்சரிக்கை தவறுதலாக லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி முழுக்க, அதாவது கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் இருக்கும் இடம் முழுக்கப் போனது. அப்படி ஒரு பொய் அலறலுக்குப் பிறகு அடுத்த அலறலை எத்தனை பேர் நம்புவார்கள்?

தொழில்நுட்பமும் தெரிந்திருந்தால் நல்லது. போனில் திடீரென அலறும் எச்சரிக்கை அந்த டவர் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு வருவது. அணைத்து வைத்த போனுக்கும் விமானப் பயன்முறையில் இருக்கும் போனுக்கும் வராது. வேறு ஊரில் இருக்கும் மகளுக்கும் வராது; அம்மா வீட்டைச் சுற்றித் தீ என்பது அவளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். பல ஊர்களில் இதற்கு மேல் பதிவுசெய்தால் மட்டுமே கிடைக்கும் எச்சரிக்கை ஒன்றும் தனியாக உண்டு. பதிவுசெய்யத் தெரியாத முதியவருக்கு ஒரு சாதாரண நாளில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுத்தால், நெருப்பு நாளில் நீங்கள் ஓட வேண்டிய ஓட்டம் பாதியாகும்.

நேரில் போய்க் கதவைத் தட்டலாமா?

எச்சரிக்கை நிலையில், புகை இன்னும் தூரத்தில் இருக்கும்போது, தாராளமாக. உத்தரவு வந்துவிட்டால் நீங்கள் போகும் வழியிலேயே இருக்கும் வீடுகளை மட்டும் பாருங்கள். காரைத் திருப்பி, கிளம்பும் திசையைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போங்கள். பலமாகத் தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அழைப்பு மணியை நம்ப வேண்டாம், மின்சாரம் போயிருக்கும்.

எவ்வளவு நேரம் தட்டுவது? அதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் இரண்டுதான். அந்த இடத்தில் நின்று முடிவெடுக்க முயன்றால் மனம் இடம் கொடுக்காது. பதில் இல்லையா, விலாசத்தைக் குறித்து அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டு நகருங்கள்.

நீங்கள் வீட்டைக் காலி செய்யும்போது, "எல்லோரும் போய்விட்டோம்" என்று தெரியும்படி ஏதாவது விட்டுச் செல்லும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வாசல் கதவில் கட்டிய வெள்ளைத் துண்டு, அல்லது நிர்வாகமே கொடுக்கும் அட்டை. உங்கள் ஊரில் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காலி வீட்டில் தேடி வீணாகும் நிமிடம் ஆள் இருக்கும் வீட்டுக்குப் போகும்.

"நான் வரமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. முதலில், வீம்பு என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு காரணம் இருக்கும். நாயை முகாமில் விடமாட்டார்கள் என்ற பயம். திருட்டு பயம். கையில் பணம் இல்லை. குடியேற்றக் காகிதங்கள் சரியில்லை, முகாமில் யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற நடுக்கம். நடக்க முடியாத மனைவியை எப்படித் தூக்குவது என்று தெரியாத கணவர். காரணம் தெரிந்தால் பேசுவதற்குப் பிடி கிடைக்கும். "நாயை நான் என் வண்டியில ஏத்திக்கறேன்" என்ற ஒரு வரி, ஆபத்தைப் பற்றிய அரை மணி நேரப் பேச்சு செய்யாததைச் செய்யும்.

வீட்டில் நின்று காப்பாற்றிக்கொள்வேன் என்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 'தயாராகி நின்று காப்பாற்று, இல்லையேல் முன்கூட்டியே கிளம்பு' என்பது நீண்ட காலம் அதிகாரபூர்வ அறிவுரையாகவே இருந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். பலர் வீடுகளுக்குள்ளேயே. அதற்குப் பிறகுதான் தீ அபாய அளவுகோலில் 'பேரழிவு' என்று ஒரு படியைச் சேர்த்து, அந்த நாட்களில் முன்கூட்டியே கிளம்பிவிடுவதே வழி என்று சொல்லத் தொடங்கினார்கள்.

எல்லாம் சொல்லியும் வரவில்லை என்றால்? அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காவல்துறையினர் இப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்து மனம் மாறுகிறவர்கள் உண்டு. மாறாவிட்டால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அவசர எண்ணில் சொல்லிவிட்டு நீங்கள் கிளம்புங்கள். அவரோடு சேர்ந்து நீங்களும் தங்குவது நட்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வெளியே வந்துவிட்டேன். நண்பரிடமிருந்து பதில் இல்லை. திரும்பிப் போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில், 2017 ஜூனில், 66 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாலையில், காரில் தப்பிக்க முயன்றபோது இறந்தவர்கள். புகை சூழ்ந்த சாலையில் பகல் இரவாகிவிடும், எதிரே வரும் வண்டி தெரியாது. நீங்கள் திரும்பிப் போகும் கார் வெளியே வருகிறவர்களுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் குறுக்கே நிற்கும்.

அவசர எண்ணை அழையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112. "என் நண்பர் போன் எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. சரியான விலாசம், எத்தனை பேர், நடக்க முடியுமா, வீட்டின் எந்தப் பக்கத்து அறை, கடைசியாக எப்போது பேசினார், என்ன வண்டி என்று சொல்லுங்கள்.

பதில் வராததற்குப் பத்தில் ஒன்பது சாதாரணக் காரணங்கள் இருக்கும்: சார்ஜ் இல்லை, டவர் இல்லை, ஓட்டிக்கொண்டிருக்கிறார். 2016 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் மெக்மரி ஊரிலிருந்து சுமார் 88,000 பேர் வெளியேறியபோது வெளியே போக ஏறக்குறைய ஒரே ஒரு நெடுஞ்சாலைதான். அப்படி ஒரு நெரிசலில் மணிக்கணக்கில் ஒருவர் மௌனமாக இருப்பது விபரீதம் அல்ல.

காணவில்லை என்று எப்போது, எங்கே சொல்வது?

உள்ளூர் காவல்துறையிடமோ அதற்கென்று திறக்கப்படும் உதவி எண்ணிலோ. செஞ்சிலுவைச் சங்கமும் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் பணியைப் பல நாடுகளில் செய்கிறது. நிவாரண முகாமுக்குப் போன் செய்து "அவர் அங்கே இருக்கிறாரா?" என்று கேட்டால் பொதுவாகச் சொல்லமாட்டார்கள், கோபப்படாதீர்கள். அடித்த கணவனிடமிருந்து ஒளிந்து வந்தவரும் அதே முகாமில் இருக்கலாம். "இருந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்" என்று செய்தி விடுங்கள்.

பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, ஆள் கிடைத்ததும் பெயரை எடுக்கவும் வேண்டும். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேம்ப் ஃபயர் சமயத்தில் காணாதோர் பட்டியல் ஒரு கட்டத்தில் 1,200 பெயர்களைத் தாண்டியது. அதில் பலர் உயிரோடு உறவினர் வீட்டில் இருந்தார்கள், தாங்கள் தேடப்படுகிறோம் என்பதே தெரியாமல். லஹைனாவில் 388 பெயர்களை வெளியிட்டபோது ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் "இவர் நலமாக இருக்கிறார்" என்று தகவல் வந்தது. அந்த நூறு பெயர்களையும் யாரோ அதுவரை தேடிக்கொண்டிருந்தார்கள்.

நீங்களும் பத்திரமான இடம் சேர்ந்ததும் சொல்லிவிடுங்கள். யாரும் நம்மைத் தேடமாட்டார்கள் என்ற தன்னடக்கம் அன்று வேண்டாம்.

நான் தூரத்தில் இருக்கிறேன். அங்கே இருக்கும் நண்பரைத் தொந்தரவு செய்யாமல் எப்படி விசாரிப்பது?

"பதில் போட வேண்டாம், நினைச்சுக்கிட்டிருக்கேன். தங்க இடம் வேணும்னா இங்க இருக்கு." இவ்வளவுதான். குடும்பத்தில் ஒரே ஒருவர் அவரோடு பேசட்டும், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தொலைக்காட்சியில் பார்த்த வீடியோக்களை அனுப்பி "இது உங்க தெருவா?" என்று கேட்காதீர்கள். தூரத்தில் இருப்பதிலும் ஒரு வசதி உண்டு: நல்ல நெட்வொர்க், நல்ல வெளிச்சம், நிதானம். அதிகாரபூர்வ வரைபடத்தைப் பார்த்து எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லலாம், அவர் கேட்டால்.

அவர் வீடு எரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்லலாமா?

உறுதியாகத் தெரியுமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். யாரோ அனுப்பிய மங்கலான படத்தை வைத்து ஒருவர் வீட்டை இழந்தார் என்று சொல்லிவிட்டு, மறுநாள் இல்லை என்று சொல்வது கொடுமை. கங்கு விளையாடும் விதம் விசித்திரமானது. ஒரு வரிசையில் ஐந்து வீடுகள் சாம்பலாகி நடுவில் ஒன்று துளசிச் செடியோடு நிற்கும்.

உறுதி என்றால் சொல்லுங்கள், ஆனால் குழுவில் போடாமல், அவருக்கு மட்டும், குரலில். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். "உங்க வீட்டைப் பத்தி எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கு, இப்ப கேக்கறீங்களா, அப்புறமா?" என்று கேளுங்கள். 'அப்புறம்' என்றால் பதில் புரிந்துவிட்டது என்று அர்த்தம், ஆனாலும் அந்த 'அப்புறம்' அவருடையது. "உயிராவது மிஞ்சுச்சே" என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அதை அவர் சொல்லலாம்.

எரிந்த வீட்டின் படத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். எரியாத காலி வீட்டின் படத்தையும்தான்.

எங்கள் தெருவுக்கு உத்தரவு இல்லை, புகை மட்டும் இருக்கிறது. அப்போதும் விசாரிக்க வேண்டுமா?

ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் விசாரியுங்கள். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது. என்95 ரக முகமூடி வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன். ஒரு அறையை மட்டும் மூடி, காற்று வடிகட்டி இருந்தால் அதை அங்கே ஓடவிடச் சொல்லுங்கள். அந்த அறையில் ஊதுபத்தியோ மெழுகுவத்தியோ ஏற்ற வேண்டாம்.

எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். இனி?

திரும்பலாம் என்று அறிவித்த பிறகும் முதல் தடவை அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வீடுகள் எரிந்த சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி அல்ல. பழைய கட்டடமாக இருந்தால் ஈயம், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) எல்லாம் அதில் இருக்கலாம். கையுறையும் என்95-உம் இல்லாமல் கிளற வேண்டாம், உலர்ந்த சாம்பலைப் பெருக்கவோ ஊதவோ வேண்டாம். எரிவாயு இணைப்பை மூடியிருந்தால் அதைத் திறப்பது நிறுவனத்து ஆளின் வேலை.

முதல் வாரம் சாப்பாடும் துணியும் குவியும். ஆறாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். காப்பீட்டுப் படிவம், தற்காலிக வாடகை, பள்ளி மாற்றம், தூக்கமின்மை எல்லாம் அப்போதுதான் மொத்தமாக வந்து நிற்கும். நாட்காட்டியில் ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து, அன்று போன் செய்யுங்கள். "ஏதாவது உதவி வேணுமா?" என்றால் "ஒண்ணும் வேணாம்" என்பார். "சனிக்கிழமை காலைல வரேன், அந்தக் காப்பீட்டுக் காகிதத்தையெல்லாம் எடுத்து வைங்க, சேர்ந்து பாத்துடலாம்" என்று சொல்லுங்கள்.